சுட்டெண் இறங்கியது, மனதில் உள்ள விலை ஏன் இறங்கவில்லை?

2025 பெப்ரவரி மாதத்துக்கான பணவீக்கம் மறை 4.2 வீதம் என அறிவிக்கப்பட்டது. அதாவது கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி, ஒரு வருடத்துக்கு முன்னர் நூறு ரூபாவாக இருந்த செலவு 96 ரூபாவுக்கும் கீழே வந்திருந்தது. அதே காலப்பகுதியில் சந்தையில் ஒரு தேங்காய் இருநூறு ரூபாவை ஒட்டி விற்பனையானது. நாட்டரிசியைத் தேடிக் கடை கடையாக ஏறி இறங்கியவர்களும் இருந்தார்கள். "விலைவாசி குறைந்துவிட்டது" என்ற அந்தச் செய்தியைக் கேட்டுப் பலர் சிரித்திருப்பார்கள். சிலர் புள்ளிவிபரமே பொய் என்று சொல்லியிருப்பார்கள்.

புள்ளிவிபரம் பொய்யல்ல. சந்தைக்குப் போய் வந்தவரின் அனுபவமும் பொய்யல்ல. ஆனால் இவ்விரண்டுக்கும் இடையிலான தூரம் எமது பொருளாதாரத்துக்கு ஆபத்தானது. ஏனெனில், நாளை விலை என்னவாகும் என்று மக்கள் நினைப்பதைச் சுட்டெண் தீர்மானிப்பதில்லை. அவர்களது அனுபவமும் நினைவும் நம்பிக்கையுமே தீர்மானிக்கின்றன. நாளைய விலை பற்றிய அந்த நினைப்பு, இன்றைய விலையையே மாற்றிவிடக்கூடியது.

நாளைய விலையை இன்றே கணக்கிடுபவர்கள்

பொருளியலாளர்கள் இதனைப் பணவீக்க எதிர்பார்க்கை என்கிறார்கள். சொல் பாடப்புத்தகத்துக்குரியதாக இருந்தாலும் காரியம் நாம் அன்றாடம் செய்வதுதான்.

புறக்கோட்டையில் பருப்பு மூட்டை எடுத்து ஊரில் சில்லறைக்கு விற்கும் கடைக்காரர், தான் வாங்கிய விலையை மட்டும் பார்த்து விலை போடுவதில்லை. இந்த மூட்டை முடிந்ததும் அடுத்த மூட்டையை என்ன விலைக்கு எடுக்க வேண்டிவரும் என்றும் பார்க்கிறார். வீட்டை வாடகைக்குக் கொடுப்பவர் இரண்டாம் வருடத்துக்கு எவ்வளவு கூட்டுவது என்று யோசிக்கிறார். மேசன் வேலை செய்பவர் நாட்கூலி பேசும்போது வரும் மாதங்களின் சாப்பாட்டுச் செலவையும் மனதில் வைத்தே பேசுகிறார். மகளின் திருமணத்துக்குச் சேமிக்கும் தாய், பணமாக வைப்பதா, பவுணாக வாங்கி வைப்பதா என்று கணக்குப் பார்க்கிறார்.

விலை கூடும் என்று இவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் நினைத்தால் என்ன நடக்கும்? கடைக்காரர் முன்கூட்டியே விலையைக் கூட்டுவார். வாடகை ஏறும். கூலி ஏறும். கையில் பணம் உள்ளவர் தேவைக்கு மேல் பொருள் வாங்கிக் குவிப்பார். கடைசியில் விலை கூடியே விடும். எல்லோரும் "நாங்கள் நினைத்தது சரிதான்" என்பார்கள். மத்திய வங்கிகள் பணவீக்கத்தை மட்டுமன்றி, அது பற்றி மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதையும் கவனிப்பதற்கு இதுவே காரணம். எமது மத்திய வங்கியும் நிறுவனங்களிடமும் குடும்பங்களிடமும் இதுபற்றிக் கேட்டு மதிப்பீடு நடத்திவருகின்றது.

இறங்கியது வேகம், விலை அல்ல

முதலில் ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதத்தைத் தொட்டது. உணவுப் பணவீக்கம் 94.9 வீதமாக இருந்தது. ஒரு வருடத்தின் பின், 2023 செப்டெம்பரில், மொத்தப் பணவீக்கம் 1.3 வீதமாக வீழ்ந்தது. உலகில் பல நாடுகளுக்கு வாய்க்காத வேகமான வீழ்ச்சி இது.

ஆனால் இதையே பணக் கணக்காகப் பார்ப்போம். 2021 செப்டெம்பரில் 10,000 ரூபாவுக்கு வாங்கிய பொருட்களை 2022 செப்டெம்பரில் வாங்க ஏறத்தாழ 17,000 ரூபா தேவைப்பட்டது. 2023 செப்டெம்பரில் அதே பொருட்களுக்கு 17,200 ரூபா அளவில் தேவைப்பட்டது. பணவீக்கம் 70 வீதத்திலிருந்து ஒன்றுக்கு வந்ததன் அர்த்தம், 17,000 ரூபா மீண்டும் 10,000 ஆனது என்பதல்ல. விலை ஏறும் வேகம் நின்றது, அவ்வளவுதான். ஏறிய உயரத்திலேயே விலை நின்றுவிட்டது.

பத்தாயிரம் பதினேழாயிரமானபோது சம்பளமும் அதே அளவுக்குக் கூடியவர்கள் மிகச் சிலரே. ஆகவே "பணவீக்கம் குறைந்தது" என்று வங்கி சொல்லும்போது, மாதச் சம்பளக்காரரும் நாட்கூலிக்காரரும் தமது கையிருப்பைப் பார்த்து "எங்கே குறைந்தது?" என்று கேட்கிறார்கள். அவர்கள் கேட்பது விலையின் மட்டத்தை. வங்கி சொல்வது விலையின் வேகத்தை.

அடிக்கடி வாங்கும் பொருளே கண்ணில் படும்

மக்கள் பணவீக்கத்தை எப்படி மதிப்பிடுகிறார்கள் என்று பல நாடுகளில் ஆய்வுகள் நடந்துள்ளன. அவற்றில் திரும்பத் திரும்பக் காணப்படுவது, அடிக்கடி வாங்கும் பொருட்களின் விலையே மனதில் பதிகிறது என்பது. அரிசி, பாண், தேங்காய், மரக்கறி, பெற்றோல் ஆகியவை வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை எமக்கு விலையை ஞாபகப்படுத்துகின்றன. ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை வாங்கும் குளிர்சாதனப் பெட்டியின் விலை குறைந்தாலும் யாரும் கவனிப்பதில்லை. அதேபோல, குறையும் விலையை விட ஏறும் விலையே ஆழமாகப் பதிகிறது. இந்தியாவில் ரிசர்வ் வங்கி நடத்தும் ஆய்விலும் குடும்பங்கள் சொல்லும் பணவீக்கம் உத்தியோகபூர்வ அளவை விடக் கூடுதலாகவே வழமையாகப் பதிவாகின்றது.

2025 ஆரம்பத்தில் சுட்டெண் பூச்சியத்துக்குக் கீழே சென்றதற்கு மின்கட்டணக் குறைப்பு ஒரு பெரிய காரணம். 2024 ஜூலையிலும் 2025 ஜனவரியிலும் மின்கட்டணம் பெருமளவு குறைக்கப்பட்டது. எரிபொருள் விலையும் முந்திய வருடத்தை விடக் குறைவாக இருந்தது. மின்பட்டியல் மாதத்துக்கு ஒரு தடவைதான் வருகிறது. தேங்காயோ அன்றாடம் வேண்டும். மின்பட்டியலில் மிஞ்சிய பணத்தை மறந்து, தேங்காயில் போன பணத்தை நினைவில் வைத்திருப்பது மனித இயல்பு.

இன்னொன்றும் உண்டு. கொழும்புச் சுட்டெண் கொழும்பு மாவட்ட நகர்ப்புறக் குடும்பங்களின் செலவை அடிப்படையாகக் கொண்டது. அதில் உணவின் பங்கு ஏறத்தாழ நான்கில் ஒன்று. முழு நாட்டுக்குமான தேசிய நுகர்வோர் விலைச் சுட்டெண்ணில் அது 40 வீதத்தை நெருங்குகிறது. கிண்ணியாவிலோ புத்தளத்திலோ உள்ள ஏழைக் குடும்பத்தில் உணவுக்குப் போகும் பங்கு இதையும் விடக் கூடுதலாகவே இருக்கும். தொலைக்காட்சிச் செய்தியில் முதலில் வரும் எண் அந்தக் குடும்பத்தின் கதையைச் சொல்லவில்லை என்றால், அது அவர்களது கற்பனையல்ல.

ஏறிய விலை இறங்காததும் இதற்குள் அடங்கும். 12.5 கிலோ சமையல் எரிவாயு சிலிண்டர் 2022 ஜூலையில் 4,900 ரூபாவைத் தாண்டியது. 2023 ஜூலையில் 3,000 ரூபாவுக்குக் கீழே வந்தது. எரிவாயு ஏறியபோது சோற்றுப் பார்சலும் கொத்தும் பிளேன்டீயும் உடனே ஏறின. எரிவாயு இறங்கியபோது அவை அதே வேகத்தில் இறங்கியதாக யாரும் சொல்லமாட்டார்கள். "இந்த நாட்டில் ஏறினால் இறங்காது" என்ற பேச்சு இப்படியான அனுபவங்களிலிருந்தே பிறக்கிறது.

வரிசையில் நின்ற நினைவு

உல்ரிக்கே மால்மெண்டியர், ஸ்டெபான் நேகல் ஆகிய பொருளியலாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வு, ஒருவர் தன் வாழ்நாளில் அனுபவித்த பணவீக்கம் அவரது எதிர்பார்க்கையில் நீண்டகாலம் தங்கிவிடுகிறது என்று காட்டியது. கடும் விலையேற்றத்தைக் கண்ட தலைமுறை, நிலைமை சீரான பின்னரும் அடுத்த ஏற்றத்தை எதிர்பார்த்தே இருக்கும்.

எமது மூத்தவர்களுக்கு இது புதிதல்ல. 1970களின் பாண் வரிசையையும், ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொரு மாவட்டத்துக்கு அரிசி கொண்டுசெல்ல இருந்த தடையையும் பற்றி இன்றும் அவர்கள் பேசுகிறார்கள். இன்றைய இளைஞருக்கு 2022 அப்படியான வருடம். பெற்றோல் லீற்றர் 470 ரூபா. எரிவாயுவுக்கு விடிய விடிய வரிசை. பால்மா இல்லாத கடைகள். பல மணி நேர மின்வெட்டு. இவற்றை அனுபவித்த ஒருவர், உப்புக்குத் தட்டுப்பாடு என்று 2025இல் கேள்விப்பட்டதும் இரண்டு பைக்கற் கூடுதலாக வாங்கி வைத்தால், அவரை அறியாமை உள்ளவர் என்று சொல்வதற்கில்லை. அவர் தன் அனுபவத்திலிருந்தே முடிவெடுக்கிறார்.

டொலரும் உண்டியலும்

வளர்ந்த நாடுகளை விட எம்மைப் போன்ற நாடுகளில் எதிர்பார்க்கையை அதிகம் அசைப்பது டொலரின் விலை. எரிபொருள், எரிவாயு, கோதுமை, பருப்பு, பால்மா, மருந்து என்று பெரும்பகுதியை இறக்குமதி செய்யும் நாட்டில், டொலர் ஏறினால் எல்லாம் ஏறும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

2021 செப்டெம்பர் முதல் 2022 மார்ச் முற்பகுதி வரை மத்திய வங்கி ஒரு டொலரை 203 ரூபாவுக்கு அருகில் பிடித்து வைத்திருந்தது. உண்டியலில் பணம் அனுப்பியவர்களுக்கு அதை விடக் கணிசமாகக் கூடுதல் கிடைத்தது. மத்திய கிழக்கில் உழைக்கும் எமது சகோதரர்கள் என்ன செய்தார்கள் என்பதைப் புள்ளிவிபரமே சொல்கிறது. 2020இல் 7.1 பில்லியன் டொலராக இருந்த உத்தியோகபூர்வ அனுப்பீடுகள் 2021இல் 5.5 பில்லியனாகவும் 2022இல் 3.8 பில்லியனாகவும் வீழ்ந்தன. வெளிநாட்டில் உழைத்தவர்கள் உழைப்பை நிறுத்தவில்லை. வங்கி சொன்ன விலையை அவர்கள் நம்பவில்லை, அவ்வளவுதான். 2022 மார்ச்சில் ரூபா விடுவிக்கப்பட்டதும் மே மாதமளவில் டொலர் 360 ரூபாவுக்குச் சென்றது. சந்தை நம்பியதே நடந்தது.

பின்னர் நாணய மாற்று வீதம் ஓரளவு நிலைபெற்றது. 2023இல் அனுப்பீடுகள் ஏறத்தாழ 6 பில்லியனாகவும் 2024இல் 6.6 பில்லியனாகவும் உயர்ந்தன. எதிர்பார்க்கை மாறினால் நடத்தை மாறும் என்பதற்கு இதைவிட எமது ஊர்களுக்கு நெருக்கமான உதாரணம் கிடையாது.

வர்த்தமானி வந்தால் பொருள் மறையும்

விலை ஏறும்போது அரசாங்கங்கள் உடனே எடுக்கும் ஆயுதம் கட்டுப்பாட்டு விலை. 2021இல் அரிசிக்கும் சீனிக்கும் உச்ச விலை விதிக்கப்பட்டது. செப்டெம்பர் இறுதியில் அரிசிக்கான கட்டுப்பாடு நீக்கப்பட்டது. ஒக்டோபரில் எரிவாயு, பால்மா, கோதுமை மா, சீமெந்து ஆகியவற்றின் கட்டுப்பாடும் நீக்கப்பட, ஒரு சிலிண்டர் 1,493 ரூபாவிலிருந்து ஒரே தாவலில் 2,675 ரூபாவானது. அழுத்தி வைத்த விலை வெளியே வரும்போது எப்படி வரும் என்பதை மக்கள் அன்று கற்றுக்கொண்டார்கள்.

2024 டிசெம்பரில் நாட்டரிசிக்கு ஒரு கிலோ 230 ரூபா என்று உச்ச சில்லறை விலை நிர்ணயிக்கப்பட்டபோதும் அந்தப் பாடம் ஞாபகத்துக்கு வந்தது. பல கடைகளில் நாட்டரிசி காணாமல் போனது. அரிசி இறக்குமதிக்கும் அனுமதிக்க வேண்டியதாயிற்று. ஒரு பொருளுக்கு வர்த்தமானி வந்தால் அது தட்டுப்பாட்டின் அறிவித்தல் என்று மக்கள் எடுத்துக்கொள்ளும் நிலைக்கு வந்துவிட்டோம். விலையைக் குறைக்க எடுத்த நடவடிக்கையே விலையேறும் என்ற எண்ணத்தைப் பரப்புகிறது.

நம்பிக்கை உடைந்தால் என்னவாகும்? துருக்கியைப் பாருங்கள்

இவையனைத்துக்கும் அடியில் இருப்பது, விலையைக் கட்டுப்படுத்தும் பொறுப்பில் உள்ளவர்கள் சொன்னதைச் செய்வார்களா என்ற கேள்வி. 2019 இறுதியில் வற் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைக்கப்பட்டது. அரசின் வருமானம் சரிந்தது. இடைவெளியை நிரப்ப மத்திய வங்கி பணம் அச்சிட்டது. 2019 இறுதியில் நூறு பில்லியன் ரூபாவுக்கும் குறைவாக இருந்த மத்திய வங்கியின் திறைசேரி உண்டியல் கையிருப்பு 2021இல் ஒரு ட்ரில்லியனைத் தாண்டியது. பணம் அச்சிடுவதால் பணவீக்கம் வராது என்று அப்போது எமக்குச் சொல்லப்பட்டது. அந்த வாக்குறுதியின் முடிவை நாம் கண்டோம்.

துருக்கியின் அனுபவம் இன்னும் நீண்டது. 2019 ஜூலைக்கும் 2021 மார்ச்சுக்கும் இடையில் மூன்று மத்திய வங்கி ஆளுநர்கள் பதவி நீக்கப்பட்டார்கள். 2021 செப்டெம்பரில் 19 வீதமாக இருந்த கொள்கை வட்டி டிசெம்பரில் 14 வீதமாக்கப்பட்டது. வட்டியைக் குறைத்தால் பணவீக்கம் குறையும் என்பது ஜனாதிபதி அர்தூகானின் நிலைப்பாடாக இருந்தது. வட்டி பற்றிய மார்க்கத் தீர்ப்பு இங்கே பேசுபொருள் அல்ல. துருக்கி மக்கள் என்ன செய்தார்கள் என்பதே பேசுபொருள். அவர்கள் லீராவை விட்டு டொலருக்கும் தங்கத்துக்கும் ஓடினார்கள். செப்டெம்பர் ஆரம்பத்தில் 8 லீராவை ஒட்டியிருந்த டொலர், டிசெம்பர் நடுப்பகுதியில் ஒரு கட்டத்தில் 18 லீராவையும் தாண்டியது. 2022 ஒக்டோபரில் பணவீக்கம் 85.5 வீதம். 2023இல் கொள்கை மாறியது. வட்டி 2024 மார்ச்சில் 50 வீதம் வரை உயர்த்தப்பட்டது. 2025இன் நடுப்பகுதியில் பணவீக்கம் 35 வீதமளவுக்கு இறங்கிய பின்னரும், அங்குள்ள குடும்பங்கள் எதிர்பார்க்கும் பணவீக்கம் நிபுணர்களின் கணிப்பை விட மிக உயரத்திலேயே இருந்தது. நம்பிக்கை உடைய சில மாதங்கள் போதும். ஒட்டுவதற்குப் பல வருடங்கள் வேண்டும்.

நாமும் விலை கொடுத்தே நம்பிக்கையை மீட்டோம். 2022 ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. பின்னர் திறைசேரி உண்டியல்களின் வட்டி 30 வீதத்தையும் கடந்தது. எத்தனையோ சிறு தொழில்கள் அந்தச் சுமையைத் தாங்க முடியாமல் மூடப்பட்டன.

ஐந்து வீதம் என்றால் என்ன?

2023 செப்டெம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய மத்திய வங்கிச் சட்டம், அரசாங்கத்துக்காகப் பணம் அச்சிடும் வழியைப் பெரும்பாலும் அடைத்தது. அடுத்த மாதம் கைச்சாத்தான உடன்படிக்கையின்படி பணவீக்க இலக்கு 5 வீதம். அதிலிருந்து மேலும் கீழும் 2 சதவீதப் புள்ளிகள் விலகலாம். தொடர்ந்து இரண்டு காலாண்டுகள் அந்த எல்லையைத் தவறவிட்டால் மத்திய வங்கி பாராளுமன்றத்துக்கு விளக்கமளிக்க வேண்டும். பணவீக்கம் எல்லைக்குக் கீழே சென்றதற்காகவும் இப்படி விளக்கமளிக்க வேண்டி வந்தது. "விலை போதியளவு ஏறவில்லை" என்பதற்கு விளக்கமா என்று சாதாரண மனிதர் வியக்கலாம். ஆனால் நீண்டகாலம் விலை இறங்கிக்கொண்டே போனால் வியாபாரம் முடங்கும், கடன் எடுத்தவரின் சுமை கூடும், தொழில் குறையும். அதனால்தான் இலக்கு பூச்சியமாக வைக்கப்படவில்லை.

இங்கேதான் உண்மையான ஆபத்து இருக்கிறது. 2025 ஆகஸ்ட்டில் பணவீக்கம் மீண்டும் பூச்சியத்துக்கு மேலே வந்து 1.2 வீதமானது. இலக்கை அடைவதென்றால் அது 5 வீதம் வரை ஏற வேண்டும். மத்திய வங்கிக்கு அது வெற்றி. ஆனால் 70 வீதத்தைக் கண்ட மக்களுக்கு மாதாமாதம் "பணவீக்கம் உயர்ந்தது" என்ற தலைப்புச் செய்தி வரும்போது 2022 திரும்பி வருவதாகவே தோன்றும். அந்தப் பயத்தில் பொருள் குவிப்பும், முன்கூட்டிய விலையேற்றமும், டொலரைப் பதுக்குவதும் தொடங்கினால், ஐந்தில் நிற்க வேண்டியது அதைத் தாண்டிப் போகும்.

என்ன செய்யலாம்?

மத்திய வங்கி சந்தைத் தரகர்களுக்கு விளங்கும் மொழியில் மட்டும் பேசுவது போதாது. ஐந்து வீதம் என்றால் இன்று ஆயிரம் ரூபாவுக்கு வாங்கும் பொருட்கள் அடுத்த வருடம் ஏறத்தாழ 1,050 ரூபாவாகும், அதுவே எமது நோக்கம், அதற்கு மேல் போகவிடமாட்டோம் என்று தமிழிலும் சிங்களத்திலும் நேரடியாகச் சொல்ல வேண்டும். எண் ஏறப்போகிறது என்பதை ஏறுவதற்கு முன்னரே சொல்ல வேண்டும். கொழும்புச் சுட்டெண்ணுடன் தேசியச் சுட்டெண்ணையும் உணவு விலையையும் சேர்த்தே பேச வேண்டும்.

அரசாங்கம் மின்கட்டணத்தையும் எரிபொருள் விலையையும் அரசியல் நாட்காட்டியைப் பார்த்து ஏற்றி இறக்குவதைத் தவிர்த்து, அறிவித்த சூத்திரத்தின்படியே நடக்க வேண்டும். அரிசி, தேங்காய், உப்பு போன்றவற்றில் தட்டுப்பாடு வரப்போவது அறுவடைக்கு முன்னரே தெரிந்துவிடும். இறக்குமதித் தீர்மானம் அப்போதே எடுக்கப்பட வேண்டும். கடை காலியான பிறகு வர்த்தமானி வெளியிடுவதில் பயனில்லை.

ஊடகங்களுக்கும் பங்குண்டு. பணவீக்கம் குறைந்தது என்றால் விலை குறைந்தது என்று எழுதுவதும், பணவீக்கம் சற்று உயர்ந்தால் நெருக்கடி என்று தலைப்பிடுவதும் வாசகரை ஒரேயளவு தவறாக வழிநடத்துகின்றன. வட்ஸ்அப்பில் வரும் "நாளை முதல் பெற்றோல் இல்லை" என்ற செய்தியை உறுதிப்படுத்தாமல் பகிர்பவர், தான் அறியாமலேயே வரிசையை உருவாக்குகிறார்.

வர்த்தகத்தோடு பெயர் இணைந்த சமூகம் என்ற வகையில் எமக்கு இதில் கூடுதல் பொறுப்பு இருக்கிறது. அடுத்த மூட்டையின் விலையைக் கணக்கிட்டு விலை போடுவது வியாபாரியின் பிழைப்பு; அதைக் குற்றமாகப் பார்க்க முடியாது. ஆனால் ஏறும் என்று எதிர்பார்த்துப் பொருளை ஒளித்து வைப்பது மார்க்கம் தடுத்த பதுக்கல். நெருக்கடி வரும்போது விரல் முதலில் நீட்டப்படுவதும் வியாபாரியை நோக்கியே. கொள்முதல் விலை இறங்கும்போது அதையும் அதே வேகத்தில் வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் கடை, "ஏறினால் இறங்காது" என்ற எண்ணத்தை அந்த ஊரிலாவது உடைக்கும்.

பணவீக்கத்தை 70 வீதத்திலிருந்து இறக்கியது பெரும் சாதனை. ஆயினும் மக்கள் மனதில் உள்ள விலையை இறக்கும் வேலை இன்னும் முடியவில்லை. சொன்ன சொல்லை அரசாங்கமும் மத்திய வங்கியும் தொடர்ந்து சில வருடங்கள் காப்பாற்றிக் காட்டினால் மட்டுமே அது இறங்கும்.